மைக் அக்காவின் மறுநாள்

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வருகிறவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சொன்னது நடக்காமல் போனால் அவர்களை எங்கே போய்த் தேடுவது? நான் பார்த்த வரையில் மறுநாள் தானாகத் திரும்பி வந்தவர் ஒருவர்தான்.

கோவளத்தை ஒட்டிய எங்கள் மீனவக் குப்பத்தில் அவரை மைக் அக்கா என்போம். பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரையும் மைக்கில் போட்டு உடைத்தவர், தன் பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் சொன்னால் நன்றாக இருக்காது.

கேளம்பாக்கம் சந்திப்புக்கும் கோவளத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில், ஆறாவது மாடி. புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம். தொண்டைக்கு நல்லதாம். ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். ஒன்று முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால் பார்க்கும். “வர்றவனுக்கும் கேக்கணும், போறவனுக்கும் கேக்கணும்” என்பார். சவாரி குறைவான நேரங்களில் அறிவிப்பு வேலை. தண்ணீர் வராது, கரண்ட் போகும், கண் சிகிச்சை முகாம், அம்மன் கோவில் கூழ், கட்சிக் கூட்டம், காணாமல் போன ஆடு. ஐப்பசி பிறந்துவிட்டால் புயல்.

மைக்கில் எதைச் சொன்னாலும், அது எப்படி முடிந்தது என்று மறுநாள் வந்து அதே மைக்கில் சொல்லிவிடுவார். அதற்கு யாரும் கூலி தரவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. காலையில் முதல் சவாரியை இறக்கிவிட்டு, எங்கள் ஊர் அம்மன் கோவில் எதிரே டீக்கடை ஓரமாக ஆட்டோவை நிறுத்துவார். தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலே குப்பம் முழுக்கக் கேட்கும்.

“பொதுமக்களே! நேத்து ஒம்போது மணிக்கு கரண்ட் போவும்னு சொன்னேன். பதினொன்றைக்குத்தான் போச்சு. எம் பேச்சக் கேட்டு எட்டு மணிக்கே அவசர அவசரமா மாவு அரைச்சவங்க என்ன மன்னிச்சிக்கோங்க.”

ஆடு விஷயம் இன்னும் மோசம்.

“முந்தாநாள் காணாம போன வெள்ளாடு, எடது காது கறுப்பு, கெடைச்சிடுச்சு. எங்கயும் போவல. சொந்தக்காரரோட மச்சான் வூட்டு மாடில கட்டிக் கெடந்துச்சு. பாசத்துல கட்டுனாங்களா, பிரியாணிக்குக் கட்டுனாங்களான்றது குடும்ப விஷயம். அத மைக்குல சொல்லக் கூடாது.”

சொல்லியாகிவிட்டது. அந்த மச்சான் ஒரு வாரம் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை.

ஒருமுறை கட்சிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். தலைவர் சரியாக ஆறு மணிக்கு உரையாற்றுவார் என்று மூன்று நாள் முழங்கினார். கூட்டம் முடிந்த மறுநாளும் வந்தார். “ஆறு மணின்னு சொன்னேன். ஒம்போதரைக்கு வந்தாரு. நாலு நிமிசம் பேசுனாரு. அதுக்காகக் குந்திக்கினு இருந்தவங்க முதுகு வலியெல்லாம் எங் கணக்குல சேத்துக்கங்க.” அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அவரைக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

புயலுக்கு மட்டும் அவர்தான் வந்தாக வேண்டும். மீன்துறை அலுவலகத்திலிருந்து வருகிற தாளை ஊர் ஊராகப் படிக்கிற வேலை எங்கள் பக்கத்துக்கு அவரிடம் இருந்தது. தாளைப் படிக்க அவருக்கு இரண்டு குரல்கள். முதல் குரல் செய்தி வாசிப்பது போல, ஒரு எழுத்துப் பிசகாது. “தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறக்கூடும். மீனவர்கள் மறு அறிவிப்பு வரும் வரை கடலுக்குள் செல்ல வேண்டாம்.” பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது குரல்.

“அதாவது இன்னான்னா, வண்டி கெளம்பிடுச்சு. இன்னும் போர்டு மாட்டல. மகாபலிபுரமா, மரக்காணமா, நெல்லூரான்னு சாயங்காலம் தெரியும். ஆனா எந்த வண்டியா இருந்தாலும் நம்ம ஸ்டாப்பிங் வழியாத்தான் போவும். நிக்குமா நிக்காதான்றது டிரைவர் இஷ்டம். ஆவவே ரோட்டுல எவனும் நிக்காத!”

புயலை அவர் பஸ்ஸாகத்தான் பார்த்தார். வேறு எப்படிப் பார்ப்பார், நாளெல்லாம் ரோட்டில் கிடப்பவர்? துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், “கூண்டு மூணு ஏத்திக்கிறாங்க. டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்” என்பார். எனக்குக் கல்லூரியில் கிடைத்த எந்த விளக்கமும் எங்கள் ஊரில் அந்த அளவு எடுபடவில்லை.

எங்கள் குப்பத்துக்குப் புயல் என்றால் இரண்டு விதமான கஷ்டம். வந்தால் வீடும் படகும் போகும். வராவிட்டால் மூன்று நாள் தொழில் போகும். எச்சரிக்கை வந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி, யாரும் இறங்கக் கூடாது என்பார்கள். டிராக்டர் வைத்து ஃபைபர் படகுகளை மணல் மேட்டுக்கு இழுப்பார்கள். இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வைப்பார்கள். எங்கள் வீட்டில் இன்ஜின் வந்தால் படுக்க இடம் இருக்காது. அப்பா இன்ஜினைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார் என்று அம்மா சொல்வார். மூன்றாம் நாள் பார்த்தால் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். புயல் ஆந்திராவுக்குப் போயிருக்கும், அல்லது நடுக்கடலிலேயே கரைந்திருக்கும்.

அப்படிப்பட்ட மறுநாள்களில்தான் மைக் அக்காவைப் பார்க்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அக்கா விடிந்ததும் வந்து நிற்பார்.

“பொதுமக்களே! நம்ம புயல் வரல. மகாபலிபுரத்துக்கு டிக்கெட் எடுத்துக்கினு கெளம்புனது, நடுவுல மனசு மாறி நெல்லூர் வண்டில ஏறிடுச்சு. சொன்னது நான்தான். திட்டுறவங்க வந்து திட்டலாம். எட்டரை வரைக்கும் இருப்பேன். எட்டரைக்கு ஸ்கூல் சவாரி.”

முதலில் வருவது எங்கள் அம்மாவாகத்தான் இருக்கும். அம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். தினமும் இதே ஆட்டோவில்தான் கூடையோடு போவார். அக்காவும் அவரும் உயிர்த் தோழிகள். அதனால்தான் திட்டு அவ்வளவு வலுவாக இருக்கும்.

“ஏண்டி, கூண்டு ஏத்துனாங்களாம் கூண்டு! மூணு நாளா எம் புருசன் வூட்டுல குந்திக்கினு என் உசுர வாங்குறான். சோத்துல உப்பு இல்லன்றான், கொழம்புல புளி இல்லன்றான். புயலு அங்க அடிக்கல, எங்க வூட்டுல அடிச்சிது!”

“அப்புறம்?” என்பார் அக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

“அப்புறம் இன்னா அப்புறம்? வானத்தப் பாரு, கல்யாண வூடு மாதிரி கீது. இதுலயாடி புயலு?”

“இன்னும்?”

“இன்னும் கீது. மார்க்கெட்டுல என் எடத்துல ஒருத்தி வஞ்சிரம் வெச்சிக்கினு குந்திட்டாளாம். அவளக் கெளப்ப நீ வருவியா?”

“வர்றேன்க்கா. மைக்கோட வர்றேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிடுவார்கள். சில சமயம் அக்கா மைக்கையே திட்டுகிறவரிடம் நீட்டுவார். அதுதான் வேடிக்கை. தெருமுனை வரை கேட்கும்படி கத்திக்கொண்டிருந்த ஆள், மைக்கைக் கையில் வாங்கியதும், “அது வந்து… எல்லாருக்கும் வணக்கம்” என்று குழைந்துபோவார். எட்டரைக்குள் ஊர்க் கோபம் தீர்ந்துவிடும். யாராவது அவருக்குக் கருவாடு கட்டித் தருவார்கள்.

எங்கள் குப்பத்தில் அவரைத் திட்டாத ஒரே ஆள் அப்பா. அவர் யாரையும் திட்டுவதில்லை. பேசுவதே அபூர்வம். அக்கா வந்து நிற்கிற காலைகளில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் திட்டுவதைக் கேட்டுத் தலையாட்டுவார். அக்காவுக்கு அது உறுத்தல். “தேசிங்கு அண்ணே, நீ ஒண்ணும் சொல்லலயா?” என்பார். அப்பா கையை அசைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரே ஒருமுறை நான் அவரைத் திருத்த வேண்டி வந்தது. அதை எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் அப்போது தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத வயது. அன்று தாளில் ‘மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும்’ என்று இருந்திருக்கிறது. மேலே, புயல் கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்றும் இருந்திருக்கிறது. அக்கா ஓட்டுநர் அல்லவா, தூரத்தை அந்த வேகத்தால் வகுத்துவிட்டார்.

“மணிக்கு எம்பதுல வர்றான்! எங்கயும் சிக்னல் கெடையாது! இன்னும் நாலு மணி நேரத்துல கோவளம்!”

குப்பமே ஓடியது. டிராக்டருக்குக் காத்திருக்காமல் ஆட்கள் படகுகளைக் கையால் தள்ளினார்கள். கழுத்து நரம்பு புடைக்க, ஐலசா சொல்ல மூச்சில்லாமல் தள்ளினார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி விஷயத்தைக் கேட்டதும் நேரே ஆட்டோவுக்கு ஓடினேன்.

“அக்கா, அந்த எண்பது காத்து சுத்துற வேகம். புயல் நகர்ற வேகம் வேற. அது மெதுவா, சைக்கிள் மாதிரிதான் வரும். நாளைக்கு ராத்திரிதான் பக்கத்துல வரும்.”

அக்கா ஒரு இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். “அதாவது, பம்பரம் ஃபாஸ்ட்டா சுத்துது, ஆனா தரையில மெதுவாத்தான் போவுது.”

“அதேதான்.”

அவர் மறுநாள் வரை காத்திருக்கவில்லை. அங்கேயே மைக்கைப் போட்டார். “பொதுமக்களே! தப்பா சொல்லிட்டேன். எம்பதுல வரல, சைக்கிள்லதான் வருது. நம்ம தேசிங்கு புள்ள, தாம்பரம் காலேஜி, இப்பதான் திருத்துனாரு. தள்ளுறவங்க நின்னு மூச்சு வாங்கிக்கினு தள்ளுங்க.”

படகுகளுக்குக் கீழே மூச்சிரைக்கக் கிடந்த முப்பது பேர் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அக்காவை அல்ல, என்னை. “ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்து படிச்சிருக்கக் கூடாதாடா?” என்றார் என் சித்தப்பா. அந்தப் புயலும் வரவில்லை. மறுநாள் அக்காவோடு சேர்ந்து எனக்கும் திட்டு விழுந்தது. அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டு, “கைய கட்டிக்க தம்பி. சிரிக்காத. ‘அப்புறம்’னு மட்டும் கேளு” என்றார்.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன், எதற்காக இப்படி வந்து நிற்கிறீர்கள் என்று. இதே கேள்வியை வேறு பலர் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். ஒருவரிடம், “கருவாடு கெடைக்குதுல்ல” என்றார். இன்னொருவரிடம், “திட்டு வாங்குனா திருஷ்டி கழியும்” என்றார். என்னிடம், ஆட்டோவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“முன்னாடி ஆத்தோரம் இருந்தோம் தம்பி, சிட்டிக்குள்ள. மழைக்காலத்துல மைக்குக்காரன் ஒருத்தன் வருவான். தண்ணி தொறக்கறாங்க, எழுந்து போங்கன்னுவான். மூணு தடவ வந்து சொன்னான். பாய் தலைகாணியோட போயி ரோட்டுல குந்தினோம். தண்ணி வரல. நாலாவது தடவையும் வந்து சொன்னான். எங்க வூட்டுக்காரரு ‘அவன் கெடக்கான், பேஜார் புடிச்சவன், படுடி’ன்னாரு. படுத்தோம். கட்டிலு மெதந்தப்புறம்தான் எழுந்தோம். உசுரு தப்புச்சு. வூடு போச்சு. அவம் மேல தப்பில்ல, அவன் சொன்னான். ஆனா அந்த மூணு தடவையும் ஏன் வரலன்னு மறுநாளு ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தான்னு வை, நாலாவது தடவ எழுந்திருப்போம்.”

சொல்லிவிட்டுத் துணியை உதறினார். “எட்டரை ஆச்சு. புள்ளைங்க கத்துங்க” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அதையும் சேர்த்து அந்த வருட மழைக்காலத்தில் வராத புயல்கள் இரண்டு. இரண்டுக்கும் அக்கா வந்து திட்டு வாங்கினார். இரண்டாவது தடவை திட்டில் சிரிப்பு குறைவாக இருந்தது என்பது எனக்கே தெரிந்தது. அம்மாகூட, “போதும்டி உன் பஸ்ஸு” என்று பாதியில் திரும்பிவிட்டார். மூன்றாவது எச்சரிக்கை மார்கழி பிறக்கும் முன் வந்தது.

அக்கா தாளைப் படித்தபோது டீக்கடையில் யாரும் எழுந்திருக்கவில்லை. நாளை மாலைக்குள் நம் பக்கத்திலேயே கரையைக் கடக்கும் என்று தாள் சொன்னது. கடல் கொஞ்சம் புரண்டுகொண்டிருந்தாலும் போக முடியாத கடல் இல்லை. அப்பா முதல் நாள் விட்டுவிட்டு வந்த வலை கடலில் கிடந்தது. புது வலை. அதன் முதல் விரிப்பு. இரண்டு மணி நேரத்தில் எடுத்துவந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். சித்தப்பாவை அழைத்துக்கொண்டு படகைத் தண்ணீர் ஓரம் வரை இறக்கிவிட்டார். நானும் அம்மாவும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை.

அக்கா மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மைக்கை எடுத்துவரவில்லை.

“எங்கண்ணே?”

“வலைய எடுத்தாந்துடறேன்.”

“தாள்ல போட்டுக்கிறத படிச்சேனே, காதுல வுழலயா?”

“வுழுந்துச்சு. போன தடவையுந்தான் வுழுந்துச்சு. அதுக்கு முந்தின தடவையுந்தான்.”

அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போல. படகின் விளிம்பில் கைவைத்துக்கொண்டார்.

“சரிதாண்ணே. ரெண்டு தடவ பொய்யாப் போச்சு. இதுவும் வரலன்னு வை, நாளான்னிக்கு காலைல கோயிலாண்ட வந்து நிப்பேன். ஆனா இந்தத் தடவ நீதான் என்னத் திட்டணும். இத்தினி வருசமா ஊரே திட்டுது, நீ ஒருத்தந்தான் பாக்கி. எனக்கு அது பெரிய கொறையா கீது.”

“நானா?” என்றார் அப்பா.

“நீதான். அதுக்கு நீ கரையில இருக்கணும். கடல்ல இருந்துகினு திட்டுனா எனக்குக் கேக்காதுண்ணே.”

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு குனிந்து இன்ஜினின் திருகைக் கழற்ற ஆரம்பித்தார். வலை கடலிலேயே கிடந்தது.

மறுநாள் காலை ஊரே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் அக்கா தன் ஆட்டோவில் நடை நடையாகக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கும்போதெல்லாம் மைக்கில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி நம்ம ஸ்டாப்பிங்குக்கு வருது. நல்லா கேட்டுக்கங்க. நடுவுல டீக்கடைல நிறுத்துவாங்க. காத்து சுத்தமா நின்னுடும். வெயில் கூட அடிக்கும். அது புயலோட நடுப்பக்கம். டிரைவர் டீ குடிக்கிறாருன்னு அர்த்தம். எவனும் எறங்காத! டீ குடிச்சிட்டு வண்டி திரும்பக் கெளம்பும், இந்தத் தடவ எதிர்ப்பக்கத்துலருந்து அடிக்கும். ரிவர்சுல வரும்!”

வகுப்பறைகளில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி என்று அவர் சொன்னாரே தவிர, மதியம் சோறு பரிமாறி முடிப்பதற்குள் வந்துவிட்டது. வடக்கிலிருந்து அடித்தது. சவுக்குத் தோப்பு முறிகிற சத்தம் பட்டாசுச் சரம் போல விடாமல் கேட்டது. ஜன்னல் கதவுகளுக்கு முட்டாக பெஞ்சுகளை வைத்து, பெஞ்சுகளின் மேல் நாங்கள் உட்கார்ந்தோம். யாருடைய வீட்டுக் கூரைத் தகடு என்று தெரியாத ஒன்று பள்ளி மைதானத்தை உருண்டு கடந்தது. “அது என்னுது” என்று மூன்று பேர் சொன்னார்கள். ரோட்டில் மரம் விழுந்துவிட்டதால் அக்காவும் பெரும்பாக்கம் போக முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டார்.

பிறகு, யாரோ சுவிட்சை அணைத்தது போல, நின்றுவிட்டது.

கதவைத் திறந்தோம். மஞ்சள் வெயில். மைதானத்துத் தண்ணீரில் ஒரு காகம் இறங்கி நடந்தது. “வுட்டுடுச்சுப்பா” என்றார் ஒருவர். அவ்வளவுதான், ஆண்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். படகு என்ன ஆயிற்று என்று பார்க்காமல் எங்கள் ஆட்களால் ஒரு நிமிடம் இருக்க முடியாது. காலையிலிருந்து கேட்ட டீக்கடைக் கதை அந்த வெயிலில் ஒருவருக்கும் நினைவில்லை. முதலில் ஓடியவர் அப்பா.

அக்கா மூலையில் நனைந்த காக்கிச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். வெளிச்சத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“எங்க போறாங்க?”

“படகப் பாக்க.”

“ஐயையோ, டீ குடிக்குதுடா!” என்று ஆட்டோவுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கூரையில் முன்பக்க ஸ்பீக்கரைக் காணவில்லை, காற்று பிடுங்கிப் போயிருந்தது. பின்பக்கத்தைப் பார்க்கிற ஸ்பீக்கர் மட்டும் சாய்ந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஒரு கையில் மைக், தலை வெளியே, பின்பக்கமாகவே பள்ளிக்கூடத்துச் சந்து வழியாகக் கடற்கரைக்கு ஓட்டினார்.

“டீ குடிக்குது! டிரைவரு டீ குடிக்கிறாரு! வண்டி இன்னும் போவல! உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!”

வெளியூர்க்காரர் யாராவது அதைக் கேட்டிருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார். எங்கள் ஆட்கள் நின்ற இடத்திலேயே திரும்பினார்கள். இரண்டு பேர், நான்கு பேர், பிறகு கூட்டமாக ஓடி வந்தார்கள். எங்களைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அப்பாவைக் காணோம். தூரத்தில் மணல் மேட்டின் மேல் அவர் படகுக்குக் கீழே குனிந்து, அறுந்துபோன கயிற்றுக்குப் பதில் இன்னொரு கயிற்றைத் தென்னை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். கேட்கவில்லை. தெற்கே வானம் பெரிய சட்டியின் அடிப்பக்கம் போலக் கறுத்திருந்தது.

அக்கா மைக்கை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டார்.

“தேசிங்கு அண்ணே! நீ என்னத் திட்டறதா பேச்சு! பேச்சு மாறாத! உள்ள வா!”

அப்பா நிமிர்ந்தார். கயிற்றின் முனை கையில் இருந்தது. ஒரு முடிச்சுதான் பாக்கி. ஒரு படகுக்காரன் கட்டாத முடிச்சை விட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அவர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஆட்டோவில் இழுத்துப் போட்டுக்கொண்டோம். திரும்பும்போது வண்டி நேராகப் போனது.

பள்ளிக்கூடக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட கை தாழ்ப்பாளிலேயே இருக்கும்போது தெற்கிலிருந்து அடித்தது. முதலில் முட்டுக்கொடுத்த ஜன்னல்களை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னல்களுக்கு பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார், காற்று ஓயும் வரை விடவில்லை.

இப்போது நான் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். நாவலூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. புயல் எச்சரிக்கை போனிலேயே வருகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டுகிறது. புயல் இருக்கிற இடத்தைக்கூடப் புள்ளி வைத்துக் காட்டுகிறது. ரொம்ப நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, எச்சரிக்கையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அவர் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “வரலன்னா, இது நாளைக்கு இன்னா சொல்லும்?” மைக் அக்கா தன் மகள் வீட்டோடு மறைமலைநகர் பக்கம் போய் வருடங்கள் ஆகின்றன. ஆட்டோவை விற்றுவிட்டார் என்று அம்மா சொன்னார். ஸ்பீக்கரை விற்கவில்லையாம்.

அந்தப் புயலின் மறுநாள் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மணல் மேட்டில் அப்பா கயிறு கட்டிக்கொண்டிருந்த தென்னை மரம் வேரோடு படகின் மேல் கிடந்தது. படகு இரண்டாக உடைந்திருந்தது. பாதி மேட்டிலும் பாதி மாதா கோவில் சுவரோரமும். ஊரில் முழுசாக நின்ற கூரை ஐந்தாறு இருக்கும். ஆனால் ஆள் ஒருவர்கூடக் குறையவில்லை. பஞ்சாயத்தார் வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் கூரையில்லாத கடையில் அடுப்பை மூட்டியிருந்தார். எல்லாரும் அங்கேதான் நின்றோம், சேற்றில், கண் எரிய, ஆனால் என்னவோ திருவிழா முடிந்த மறுநாள் போல.

அப்போது அந்தச் செருமல் கேட்டது.

புயல் சொன்னபடி வந்துவிட்டது, இன்று எதற்கு வருகிறார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிச்சமிருந்த ஒற்றை ஸ்பீக்கரோடு ஆட்டோ கோவில் எதிரே வந்து நின்றது. வழக்கமான இடம்.

“பொதுமக்களே! புயல் வரும்னு சொன்னேன், வந்துடுச்சு. ஆனா ஆறு மணின்னு சொன்னேன், மூணு மணிக்கே வந்துடுச்சு. தாள்ல ‘மாலைக்குள்’னுதான் போட்டிருந்துச்சு. ஆறுன்னு சொன்னது நானா சேத்தது. தப்பு என்னுதுதான். திட்டுறவங்க வந்து திட்டலாம். இன்னிக்கு ஸ்கூல் லீவு, எத்தினி மணி வரைக்கும் வேணா இருப்பேன்.”

எப்போதும் முதல் ஆளாகப் போகிற அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். தம்ளரைக் கீழே வைத்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, நேராக ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றார்.

“இன்னா மைக்கு நீ?” என்றார்.

குரல் கொஞ்சம் கரகரத்தது. பழக்கமில்லை அல்லவா.

“மூணு மணி நேரம் முன்னாடி வந்துகீது! சொல்ல வேணாம்? வலையும் போச்சு, போட்டும் போச்சு! புது வலை! ஒருக்கா கூட நனைக்கல, ஒழுங்கா!”

அக்கா கையைக் கட்டிக்கொண்டார். “அப்புறம்?”

“டீ குடிக்கிறானாம் டீ! எத்தினி நாழி குடிச்சான்? ஒரு முடிச்சு போட வுட்டானா? இன்னும் ஒரு வாய் குடிச்சா கொறைஞ்சா பூடுவான்?”

ஊர் சிரிக்க ஆரம்பித்தது. அப்பா நிறுத்தவில்லை. ஸ்பீக்கரைத் திட்டினார், ரிவர்ஸ் கியரைத் திட்டினார், போன தடவை வராத புயலையும் அதற்கு முன் வராததையும் வரிசையாக இழுத்துவந்து திட்டினார். இத்தனை வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டிய திட்டெல்லாம் அவருக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு நின்றார். கடைக்காரர் அவருக்குப் போட்டுவைத்த இரண்டாவது டீயும் ஆறிப்போயிற்று. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா நின்றார்.

“இன்னும் கீதாண்ணே?” என்றார் அக்கா.

அப்பா உடைந்த படகின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“கீது. நாளைக்கு வா.”